டாக்ஸி சத்தத்த மட்டும் அழிச்சிடாதீங்க

பீட்டில்ஸ் ராக் குழுவுல கிட்டார் வாசிச்ச ஜார்ஜ் ஹாரிசன் தனியா பண்ண ஆரம்பகால டேப்புகள பத்திரமா வெச்சிருக்கிற குடும்பத்தாருக்கும், அத வெளியிடுற இசை நிறுவனத்தாருக்கும், ஸ்டூடியோல உக்காந்து அந்த டேப்ப மெஷின்ல ஏத்தி ஓட்டுற இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

உங்கள்ல யாரையும் எனக்கு நேர்ல தெரியாது. 2014 செப்டம்பர்ல வந்துச்சே 'தி ஆப்பிள் இயர்ஸ் 1968–75' பாக்ஸ் செட் (ஆப்பிள்ங்கிறது பீட்டில்ஸோட ரெக்கார்ட் கம்பெனி), அது வாங்கின நாள்ல இருந்து என் கைக்கு எட்டுற தூரத்துலயே தான் இருக்கு. அதுல இருக்கிற ஆறு ஆல்பத்தையும் எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கு தெரியாது, அந்த உரிமையில தான் இத எழுதுறேன். முதல்ல நன்றி சொல்லிடுறேன். லர்சன் மாஸ்டரிங்ல பால் ஹிக்ஸ், கேவின் லர்சன், ரூபன் கோஹன் மூணு பேரும் சேந்து பழைய அனலாக் மாஸ்டர் டேப்புல இருந்து எடுத்துக் குடுத்தாங்களே, அது நல்ல வேலை. இரைச்சல் கூடாம, சத்தம் வீங்காம, பாட்டு மட்டும் ஒரு படி கிட்ட வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. இந்த லெட்டர் அந்த வேலைய குறை சொல்றதுக்கு இல்ல. அடுத்து நீங்க செய்யப் போற வேலைய நெனச்சு தான்.

நேத்து ராத்திரி வீடு அடங்கினதுக்கு அப்புறம் ஹெட்போன மாட்டிக்கிட்டு 'வொண்டர்வால் மியூசிக்' போட்டேன். ஷெனாய், சரோட், சந்தூர்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்கு, நான் கண்ண மூடிட்டு அதோட பின்னாடி இருக்கிற காத்த கேட்டுட்டு இருந்தேன். காத்துன்னா அந்த ரூமோட காத்து. சில எடத்துல ரொம்ப லேசா, இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு, தெருவோட முணுமுணுப்பு மாதிரி ஒண்ணு கேக்கும். எனக்கு அந்த ஆல்பத்துல ரொம்ப புடிச்ச விஷயம் அது தான்.

அது எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும், ஆனா இத படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன். 1968 ஜனவரில ஹாரிசன் பம்பாய்க்கு வந்து ஹெச்எம்வி ஸ்டூடியோல அந்த ரெக்கார்டிங் பண்ணாரு. 'வொண்டர்வால்'ங்கிற படத்துக்கான இசை அது. அங்க இருந்தது ஒரு மோனோ மெஷின் தான், அதனால பிரிட்டிஷ் ரெக்கார்ட் கம்பெனியான ஈஎம்ஐயோட இந்திய கம்பெனில இருந்த பாஸ்கர் மேனன் கல்கத்தால இருந்து ஒரு ரெண்டு டிராக் (ரெண்டு தனித் தடம்) ஸ்டீரியோ மெஷின ரயில்ல ஏத்திக்கிட்டு பம்பாய் வந்தாரு. ஒரு மனுஷன் டேப் மெஷினோட அத்தன தூரம் ரயில்ல வந்திருக்காரு, அத நெனச்சாலே எனக்கு மனசு நெறஞ்சிடும். அந்த மேனன் தான் பின்னாடி ஈஎம்ஐ மியூசிக்க உலக அளவுல நடத்தின ஆளு. சரி, மெஷின் வந்துடுச்சு, ஆனா ஸ்டூடியோக்கு சவுண்ட் ப்ரூஃபிங் கிடையாது, வெளிய டாக்ஸி போனா உள்ள கேக்கும், சாயங்காலம் அஞ்சரைக்கு அந்த பில்டிங்ல இருக்கிற ஆபீஸ் எல்லாம் விட்டதும் ஜனங்க தடதடன்னு படி இறங்குற சத்தத்துல ரெக்கார்டிங்கையே நிறுத்த வேண்டியதா இருந்துச்சுன்னு ஹாரிசனே சொல்லியிருக்காரு. காத குடுத்து கேட்டா ஆல்பத்துல டாக்ஸி போறது கேக்கும்னும் அவரே சொல்லியிருக்காரு. வாசிக்கும்போதே கூட்டிக் குறைச்சு மிக்ஸ் பண்ணி ரெண்டு டிராக்ல இறக்கினது அது. லண்டன்ல பழகின மாதிரி டிராக்க தனித்தனியா பிரிச்சு வெச்சு அப்புறமா நிதானமா பாத்துக்கலாம்ங்கிற வசதியெல்லாம் அங்க இல்ல.

அதாவது, அந்த டேப்புல இருக்கிறது ஒரு முடிஞ்ச முடிவு. ஆஷிஷ் கான் சரோடும் ஷிவ்குமார் சர்மா சந்தூரும் மகாபுருஷ் மிஸ்ரா தபலாவும் அந்த நேரத்துல அந்த ரூம்ல எப்படி கலந்துச்சோ அப்படியே உறைஞ்சு போச்சு, கூடவே தெருவும்.

இவ்வளவு நாளா அத யாராலயும் பிரிக்க முடியல, அதனால எனக்கு கவலையும் இல்ல. இப்போ பிரிக்க முடியும். 2022ல பீட்டில்ஸோட 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு புது மிக்ஸ் போட்டப்போ, சினிமா டைரக்டர் பீட்டர் ஜாக்சன் டீம் உருவாக்கின சாஃப்ட்வேர வெச்சு ஒரே டிராக்ல ஒட்டிக்கிடந்த டிரம்ஸையும் கிட்டாரையும் தனித்தனியா உரிச்சு எடுத்தாங்க. 2023 நவம்பர்ல பீட்டில்ஸோட 'நவ் அண்ட் தென்' பாட்டு வந்தப்போ ஒரு வீட்டு கேசட்டுல இருந்து ஜான் லெனன் குரல பியானோல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. ரெண்டையும் கேட்டு நான் சந்தோஷப்பட்டவன், மறைக்கல. அந்த கேசட்டுல பியானோவும் குரலும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டு கிடந்துச்சு, அத பிரிச்சதால தான் அந்த பாட்டு முடிஞ்சு வெளிய வந்துச்சு. ஆனா அதே சாஃப்ட்வேர பம்பாய் டேப் மேல ஏவி விட்டா என்ன ஆகும்? ஷெனாய தனியா எடுக்கும், தபலாவ தனியா எடுக்கும், மிச்சம் இருக்கிறதுக்கு 'இரைச்சல்'னு பேர் வெச்சு ஒரு ஓரமா தள்ளும், யாரோ ஒருத்தர் அந்த மிச்சத்த மியூட் பண்ணுவாரு. கேக்குறதுக்கு ரொம்ப சுத்தமா இருக்கும். ஆனா அதுல பம்பாயும் இருக்காது, அந்த ஜனவரி மாசமும் இருக்காது, ஷெனாயும் சந்தூரும் எந்த ரூம்லயும் இல்லாம அந்தரத்துல தொங்கிட்டு இருக்கும்.

நான் உங்ககிட்ட கேக்குறத ஒரே வரில சொல்லிடலாம். அந்த ரூம்ல நடந்தத தொடாதீங்க, டேப்புக்கு அப்புறமா நடந்தத சரி பண்ணுங்க. பழைய டேப் சேதமாகும்னு எனக்கும் தெரியும், அதுக்கு வைத்தியம் பாக்க வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. 70கள்ல வந்த சில டேப் வகைகள்ல அந்த காந்தத் துகள ஒட்டி வெச்சிருக்கிற பசை ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு ஆயிடும், மெஷின்ல ஓட்டினா ஹெட்டுல பூச்சு உரிஞ்சு ஒட்டிக்கும், அதுக்கு டேப்ப மிதமான சூட்டுல மணிக்கணக்கா வெச்சு ஈரத்த போக்கிட்டு தான் ஓட்டணும். வேணும்னா அதெல்லாம் தாராளமா செய்ங்க. பிளேபேக் ஹெட்டோட சாய்வு ஒரு துளி மாறி இருந்தாலும் மேல்ஸ்தாயி மங்கிப் போயிடும், அத ஒவ்வொரு ரீலுக்கும் உக்காந்து சரி பாருங்க. டேப்ப சுருட்டி வருஷக்கணக்கா வெச்சதுல ஒரு சுத்தோட காந்தம் அடுத்த சுத்துல பதிஞ்சு, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதோட பேய் மாதிரி ஒரு சத்தம் லேசா கேக்குமே, அத எடுத்துட்டா நானும் சந்தோஷப்படுவேன். அதெல்லாம் அவங்க வாசிச்சது இல்ல, காலம் பண்ண வேலை. டாக்ஸி அப்படி இல்லங்க, வாசிச்ச அன்னிக்கே இருந்துச்சு.

இவ்வளவு பிடிவாதமா நான் ஏன் பேசுறேன்னா ஒரு காரணம் இருக்கு. சில வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு பாடகரோட பழைய ஆல்பத்துக்கு ரீமாஸ்டர், அதாவது பழைய டேப்ப புதுசா மெருகேத்தின பதிப்பு வந்துச்சு, பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். ரொம்ப நாள் காத்திருந்து வாங்கினேன். போட்ட உடனே முதல் பாட்டே காதுல அறைஞ்ச மாதிரி வந்துச்சு, சரி சத்தம் கூட இருக்குன்னு வால்யூம குறைச்சேன், குறைச்சாலும் அந்த அழுத்தம் போகல, ஏன்னா மெதுவா இருக்க வேண்டிய இடமும் உரக்க இருக்க வேண்டிய இடமும் ஒரே மட்டத்துல வந்து நின்னுடுச்சு, டிரம் அடி விழுந்தா அடி மாதிரியே இல்ல, தலையணைய குத்தின மாதிரி இருந்துச்சு. அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா எனக்கு மனப்பாடமான ஒரு பாட்டுல, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அந்த பாடகர் ஒரு மூச்சு இழுப்பாரு, அந்த மூச்சு வந்தா தான் அடுத்த வரி வரும்னு என் ஒடம்புக்கே பழக்கம் ஆகியிருந்துச்சு. அந்த மூச்ச காணோம். யாரோ அத அழுக்குன்னு நெனச்சு துடைச்சிருக்காங்க. அந்த எடத்துல ஒரு சின்ன வெத்து மௌனம், அப்புறம் எங்கிருந்தோ வந்து குதிச்ச மாதிரி அடுத்த வரி. நான் அந்த கம்பெனிக்கு எழுதினேன், பதில் வரல. பழைய பதிப்பு அதுக்குள்ள கடைல இல்ல, ஸ்ட்ரீமிங்லயும் பழசுக்கு பதிலா புதுசு வந்து உக்காந்துடுச்சு. அப்போ தான் எனக்கு பயம் வந்துச்சு. ஒரு மூச்ச அழிச்சா அது அந்த ஒரு டிஸ்க்ல மட்டும் அழியல, இனிமே புதுசா கேக்க வர்ற எல்லாருக்கும் அந்த மூச்சு இருந்துச்சுன்னே தெரியாம போயிடும்.

இப்போ 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'க்கு வர்றேன், இதுல என் வாதம் கொஞ்சம் சிக்கலாகும்னு எனக்கே தெரியும். 1970 நவம்பர்ல மூணு எல்பியா ஒரு பெட்டில வந்த ஆல்பம், ஹாரிசனும் ஃபில் ஸ்பெக்டரும் சேந்து தயாரிச்சது. ஒரே பாட்டுக்கு பல கிட்டார், பல கீபோர்டு, ரெண்டு டிரம்ஸ்னு கூட்டமா உக்கார வெச்சு, அதுமேல ரிவெர்ப், அதாவது எதிரொலிய ஊத்தி, ஒரு பெரிய மண்டபம் முழுக்க பாட்டு நெறஞ்சு வழியுற மாதிரி பண்ணது. ஹாரிசனுக்கே பின்னாடி அது புடிக்காம போச்சு. 2001 ஜனவரில அவரோட மேற்பார்வைலயே திரும்ப வெளிவந்தப்போ, அந்த பெரிய சத்தத்துல இருந்து சில பாட்டையாவது விடுவிக்கணும்னு தோணுதுன்னு எழுதியிருந்தாரு. அந்த வருஷம் நவம்பர் 29 அவர் இறந்துட்டாரு. அதுக்கப்புறம் 50வது வருஷத்துக்குன்னு 2021 ஆகஸ்ட்ல அவரோட மகன் தானி ஹாரிசன் மேற்பார்வைல பால் ஹிக்ஸ் புதுசா மிக்ஸ் பண்ணி வெளியிட்டீங்க. குரல் முன்னாடி வந்துச்சு, பாஸ் தெளிவாச்சு, ரிவெர்ப் கொஞ்சம் அடங்குச்சு. நல்லா தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், சில பாட்டுல அவரு சொல்ற வார்த்தை எனக்கு அன்னிக்கு தான் சரியா புரிஞ்சுது.

அவரே ஆசப்பட்டது தானே, அப்புறம் உனக்கு என்ன பிரச்சனைன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. அவரு ஆசப்பட்டாரு, உண்மை, ஆனா கையில டேப்பும் வசதியும் இருந்தப்போ அவரு ஆல்பம் முழுசையும் மாத்தல. பழைய மிக்ஸையே சுத்தம் பண்ணி வெச்சுட்டு, 'மை ஸ்வீட் லார்ட்' பாட்ட மட்டும் புதுசா பாடி கடைசில கூடுதலா சேத்தாரு. அந்த அடக்கத்துல எனக்கு ஒரு பாடம் இருக்குன்னு படுது. முப்பது வயசு கூட ஆகாத ஒருத்தன் 1970ல எடுத்த முடிவ, ஐம்பத்தேழு வயசுல அதே ஆளு பாத்து சங்கடப்பட்டாலும், அந்த முடிவ அழிக்கல, பக்கத்துல இன்னொண்ண வெச்சாரு. 2021 பெட்டில நீங்க புது மிக்ஸ் குடுத்தீங்க, டெமோ குடுத்தீங்க, வேற டேக்கெல்லாம் குடுத்தீங்க, ஆனா 1970 மிக்ஸ் அதுல இல்ல. அதுதான் என் வருத்தம். 2024 நவம்பர்ல வந்த 'லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்' 50வது வருஷப் பதிப்பும் புது மிக்ஸ் தான். ரெண்டும் வரட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா ஒரு ஆல்பத்தோட பேர்ல பெரிய பெட்டி போடும்போது, ஜனங்க ஐம்பது வருஷமா எத அந்த ஆல்பம்னு நெனச்சு கேட்டாங்களோ அதுவும் அதுக்குள்ள இருக்கணும், ஒரே ஒரு டிஸ்க் தானே கூட ஆகும். அந்த ரிவெர்ப் அதிகம்னு நானும் ஒத்துக்குறேன். ஆனா அந்த அதிகத்துல தான் அந்த மனுஷன் அத்தன வருஷமா பீட்டில்ஸ் ஆல்பத்துல ரெண்டு பாட்டு மூணு பாட்டுன்னு காத்துக்கிடந்து, சேத்து வெச்சதெல்லாம் ஒரேயடியா திறந்து விட்ட வேகம் எனக்கு கேக்குது. அடக்கின மிக்ஸ்ல பாட்டு தெளிவா இருக்கு, அந்த வேகம் பாதி தான் இருக்கு.

அடுத்தது 'டார்க் ஹார்ஸ்'. இத பத்தி எழுதணும்னு தான் நான் உக்காந்ததே, ஏன்னா இந்த ஆல்பத்த தான் யாரோ ஒருத்தர் 'சரி' பண்ணிடுவாங்களோன்னு எனக்கு ரொம்ப பயம். 1974 கடைசி. மணவாழ்க்கை உடைஞ்சு போச்சு, புதுசா ஆரம்பிச்ச சொந்த ரெக்கார்ட் கம்பெனி வேலை ஒரு பக்கம், ரவி சங்கரோட சேந்து அமெரிக்கா, கனடா டூருக்கு ஒத்திகை இன்னொரு பக்கம், நடுவுல ஆல்பத்த முடிக்கணும். தொண்டை போச்சு. குரல் கட்டி, கரகரன்னு, உயரப் போனா உடைஞ்சு விழுது. டைட்டில் பாட்ட டூருக்கு வந்த பேண்டோட அந்த தொண்டையோடயே பாடி ரெக்கார்ட் பண்ணாங்க. விமர்சகருங்க அந்த பேர வெச்சே கேலி பண்ணாங்க, குதிரைய குறிக்கிற சொல்லுக்கும் தொண்டை கட்டினத குறிக்கிற சொல்லுக்கும் இங்கிலீஷ்ல உச்சரிப்பு ஒண்ணு தான். அந்த கேலி ஐம்பது வருஷமா அந்த ஆல்பம் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு.

எனக்கு அது கேலியா கேக்கல. நல்ல குரல்ல யாரு வேணா பாடலாம், வேற வழியே இல்லாம, நாள் குறிச்சாச்சு, டிக்கெட் வித்தாச்சு, நாளைக்கு மேடை ஏறணும்னு இருக்கிற ஒருத்தன் தொண்டைய பிச்சுக்கிட்டு பாடுறது எப்படி இருக்கும்னு தெரியணும்னா இந்த ஒரு ரெக்கார்ட் தான் இருக்கு. ராத்திரி தூக்கம் வராத நாள்ல நான் அவரோட அழகான குரல தேடுறதில்ல, இந்த உடைஞ்ச குரல தான் தேடுறேன். இப்போ இருக்கிற சாஃப்ட்வேருக்கு ஒரு குரல்ல இருக்கிற கரகரப்ப குறைக்கிறது பெரிய வேலையே இல்ல, அவரோட மத்த ஆல்பத்துல இருந்து அவரோட குரல கத்துக்கிட்டு இந்த பாட்ட அந்த குரல்ல பாட வைக்கவும் முடியும். யாரோ ஒரு நாள் உங்ககிட்ட வந்து, அவருக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்ல, நாம இப்போ அவருக்கு உதவி பண்ணலாமேன்னு சொல்லுவாங்க, நல்ல மனசோட தான் சொல்லுவாங்க. தயவு செஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கான கதையா ஆயிடும்.

அந்த டூர பத்தி ஒரு வார்த்த, விஷயத்த விட்டு கொஞ்சம் விலகினாலும் பரவால்ல. 1974 நவம்பர்ல வான்கூவர்ல ஆரம்பிச்ச அந்த கச்சேரிகள்ல ரவி சங்கரோட குழுவுல டி. வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கம் வாசிச்சு பாடவும் செஞ்சாரு, எல். சுப்பிரமணியம் வயலின், லட்சுமி சங்கர் பாட்டு, அல்லா ரக்கா தபலா, ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். ஒரு ராக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்த கூட்டத்துக்கு முன்னாடி மிருதங்கம் ஒலிச்சிருக்கு, அத இன்னும் அதிகாரப்பூர்வமா ஒரு முழு கச்சேரியா நாங்க கேக்கல. உங்க அலமாரில நல்ல நிலைல டேப் எதாவது இருந்தா அதையும் வெளிய விடுங்க. கூட்டம் பொறுமை இழந்து கத்தினா அதுவும் அதுல இருக்கட்டும்.

இதுக்கு உங்க வீட்டுலயே முன்னுதாரணம் இருக்கே. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பங்களாதேஷ் அகதிகளுக்காக நடந்த கச்சேரி. ரவி சங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேத்து முடிச்சதுமே கூட்டம் அத பாட்டுன்னு நெனச்சு கை தட்டிடுச்சு, சுருதி சேக்குறதே இவ்வளவு புடிச்சிருக்குன்னா வாசிக்கிறது இன்னும் புடிக்கும்னு நம்புறேன்னு ரவி சங்கர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அத வெட்டி எறிஞ்சிருக்கலாம், கூட்டத்துக்கு தெரியலைன்னு யாரும் வெளிய காட்டிக்க வேண்டியதில்ல. வெட்டல, ரெக்கார்டுல அப்படியே விட்டாங்க, இன்னிக்கு அந்த கச்சேரின்னா முதல்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அந்த நிமிஷம் தான். (2014 பாக்ஸ்ல அந்த கச்சேரி ஆல்பத்த சேக்கல, 'பங்களா தேஷ்' சிங்கிள மட்டும் மெட்டீரியல் வேர்ல்டு டிஸ்க்ல கூடுதலா வெச்சீங்க. லைவ் ஆல்பம், மத்த கலைஞர்களும் இருக்காங்க, புரியுது. ஆனாலும் 1968ல இருந்து 75 வரைக்கும்னு பேர் வெச்ச பெட்டில 1971ல இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது எனக்கு உறுத்தத் தான் செய்யுது.)

மத்த ஆல்பங்கள பத்தி அதிகம் சொல்ல இல்ல. 'எலக்ட்ரானிக் சவுண்ட்' 1969ல மூக் சிந்தசைசர்ங்கிற மின்னணு கருவிய வெச்சு பண்ணது, ரெண்டே ரெண்டு நீளமான டிராக், அதுல ஒண்ணு, உண்மைல நான் ஹாரிசனுக்கு கருவிய வாசிச்சுக் காட்டினது தான்னு மூக் கலைஞர் பெர்னி கிராஸ் அப்போல இருந்தே சொல்லிட்டு வர்றாரு. சில பதிப்புகள்ல ரெண்டு டிராக்கோட தலைப்பும் எடம் மாறி வேற அச்சாச்சு. இந்த மாதிரி தப்ப எல்லாம் திருத்துங்க, கிராஸ் சொல்றதையும் புத்தகத்துல நேர்மையா எழுதுங்க, காகிதத்துல இருக்கிற தப்ப திருத்துறது எப்பவுமே நல்லது. 'எக்ஸ்ட்ரா டெக்ஸ்சர்'ல 'யூ' பாட்டோட அடிப்படை டிராக் 1971ல பாடகி ரோனி ஸ்பெக்டர் பாடுறதுக்காக எடுத்தது, நாலு வருஷம் கழிச்சு அது மேலயே ஹாரிசன் பாடினாரு, அவரோட குரலுக்கு அந்த ஸ்தாயி ரொம்ப உயரம், எட்டிப் புடிக்கிறாரு. எட்டிப் புடிக்கட்டும், விடுங்க. 'மெட்டீரியல் வேர்ல்டு'ல நிக்கி ஹாப்கின்ஸ் பியானோவும் ஜாகிர் ஹுசேன் தபலாவும் 2014 டிஸ்க்ல எப்படி மூச்சு விடுதோ அப்படியே இருந்தா போதும்.

சத்தத்தோட அளவ பத்தியும் கேட்டுக்குறேன். இப்போ ஸ்ட்ரீமிங்ல எல்லா பாட்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு கொண்டு வந்து தான் ஒலிக்க விடுறாங்க, அதனால உரக்க மாஸ்டர் பண்ணா மத்த பாட்ட விட உரக்க கேக்கும்ங்கிற பழைய போட்டிக்கு அர்த்தமே இல்லாம போச்சு. உரக்க இருந்தத அது குறைச்சிடும், நசுங்கினது நசுங்கினதாவே மிஞ்சும். ஹாரிசனோட ஸ்லைடு கிட்டார் ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும்போது நடுவுல லேசா தேஞ்சு திரும்ப நிமிரும், கமகம் கேட்டு பழகின காதுக்கு அது உடனே தெரியும். கம்ப்ரஷன், அதாவது உரத்ததையும் மெல்லிசையும் ஒரே மட்டத்துக்கு நசுக்குறது, கூடினா முதல்ல சாகுறது அந்த தேய்மானம் தான்.

அப்புறம் பேருங்க. இது எனக்கு ஒலிய விட குறைஞ்ச விஷயம் இல்ல. 'வொண்டர்வால்' உறைல வாசிச்ச இந்திய கலைஞர்களோட பேர் எல்லாம் மொத்தமா ஒரு பட்டியலா இருக்கு, யாரு எந்த டிராக்ல வாசிச்சாங்கன்னு இல்ல. வினாயக் வோராவோட தார் ஷெனாய் எது, சந்திரசேகர் நாரிங்ரேக்கரோட சுர்பஹார் எதுல வருது, ரிஜ்ராம் தேசாத் ஆர்மோனியம் எங்க, தபலா தரங் எங்கன்னு தெரிஞ்சுக்க ஆசப்படுற ஒருத்தன் தானா காத தீட்டி கண்டுபுடிக்க வேண்டியிருக்கு. ஹாரிசனோட லண்டன் நண்பர்கள் ஒவ்வொரு பாட்டுலயும் எந்த கிட்டார் வாசிச்சாங்கன்னு வரைக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கு, புனைபேர்ல வாசிச்ச கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன கூட எந்த டிராக்னு கண்டுபுடிச்சாச்சு. அதே அக்கறைய பம்பாய்ல வாசிச்சவங்களுக்கும் காட்டணும்னு கேக்குறேன். ரெக்கார்டிங் குறிப்பு, டேப் பெட்டி மேல எழுதினது, எது இருந்தாலும் எடுத்து பாருங்க, தெரிஞ்சத டிராக் வாரியா போடுங்க, ஸ்ட்ரீமிங்லயும் போடுங்க, ஏன்னா புத்தகம் பெட்டி வாங்கினவனுக்கு மட்டும் தான் கிடைக்கும். பேர சரியான எழுத்துல போடுங்க.

பெட்டிய பத்தி ஒண்ணே ஒண்ணு தான். 2021ல மரப்பெட்டி, ஹாரிசன் வீடான ஃப்ரையர் பார்க்ல வெட்டின ஓக் மரத்துல செஞ்ச புக்மார்க், தோட்டத்து குள்ள பொம்மைங்கன்னு கிட்டத்தட்ட ஆயிரம் டாலருக்கு ஒரு பதிப்பு போட்டீங்க. ஆசையா வாங்கினவங்க சந்தோஷமா வெச்சுக்கட்டும். நான் கேக்குற பழைய மிக்ஸும், டிராக் வாரி பேர் விவரமும் அந்த மாதிரி பெட்டிக்குள்ள மட்டும் போய் பூட்டிக்கக் கூடாது, ஒரு டிஸ்க் மட்டும் வாங்க முடிஞ்ச பையனுக்கும் அது கிடைக்கணும், அவ்வளவு தான். 2014ல ஆறு ஆல்பத்தையும் தனித்தனியாவும் வித்தீங்க, அந்த வழிய விட்டுடாதீங்க.

'வொண்டர்வால் மியூசிக்' வந்தது 1968 நவம்பர், ஆப்பிள் ரெக்கார்ட்ஸோட முதல் எல்பி அது. 60வது வருஷம் ரொம்ப தூரத்துல இல்ல. அதுக்கு நீங்க எதாவது செய்வீங்கன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. வந்தா முதல் நாளே வாங்குவேன், பெட்டிய பிரிச்சு, புத்தகத்த ஓரமா வெச்சுட்டு, வீடு அடங்குற வரைக்கும் காத்திருந்து, ஹெட்போன மாட்டிக்கிட்டு பம்பாய் டிராக்குங்க ஒவ்வொண்ணா போட்டு அந்த தெரு இன்னும் இருக்கான்னு தான் முதல்ல பாப்பேன்.

அன்போட,
உங்க ஆறு ஆல்பத்தோடயும் வளந்த ஒரு ரசிகன்